மகன் ஏன் கதைக்கவில்லை என்று எல்லாம் பார்த்தேன், காதைத் தவிர

தையல் மெஷினில் இருந்து தொடங்குகிறேன். மகன் பிடித்து எழும்பத் தொடங்கிய காலத்திலிருந்து, நான் மெஷினில் இருந்தால் வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் வந்துவிடுவான். மெஷின் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, கன்னத்தைப் பலகையில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வான். நான் மிதிப்பதை நிறுத்தினால் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். மறுபடி மிதித்தால் மறுபடி கன்னத்தை வைப்பான். தாயில் எவ்வளவு வாரப்பாடு என்று அம்மா கண் கலங்குவா. நான் அதை வீடியோ எடுத்து கட்டாரில் இருக்கிற என் கணவருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தன் அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். கன நாள் கழித்து, யாழ்ப்பாணத்தில் காது சோதிக்கிற மிஸ் ஒருவர் அந்த வீடியோவை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பித் தந்தார். "அம்மா, இவர் சத்தத்தைக் கன்னத்தாலதான் கேட்டிருக்கிறார்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை.

எங்கள் வீடு ஏ9 வீதியிலிருந்து உள்ளே பதினொரு கிலோமீற்றர். ஊர்ப் பெயர் வேண்டாம், எழுதினால் யார் எவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மகன் 2021 மே மாதம், நாள் வர ஆறு கிழமை முன்பே பிறந்தான். 1 கிலோ 800 கிராம். பதினொரு நாள் பேபி ரூமில் வைத்திருந்தார்கள். மஞ்சள் காமாலைக்கு லைற்றுக்குக் கீழே வைத்தார்கள், கிருமி என்று ஊசி மருந்து போட்டார்கள். கொரோனாப் பயணத்தடைக் காலம், என் கணவரைக்கூட உள்ளே விடவில்லை. வீட்டுக்கு விட்டபோது ஒரு டயக்னோசிஸ் கார்ட் தந்தார்கள். முழுக்க ஆங்கிலம், அதுவும் டொக்டர் எழுத்து. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது கீழே இருந்த 3/12 என்ற ஒன்றுதான். டிசம்பர் 3ஆம் திகதி திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து, கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்தேன்.

அன்றைக்கு ஒழுங்காகப் போனேன். அன்று அந்தக் கிளினிக் இல்லை என்றார்கள். கார்டை ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை நல்லாத்தானே இருக்கிறார், ஏதும் பிரச்சினை எண்டால் கொண்டு வாங்கோ என்று திருப்பித் தந்துவிட்டார். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, டொக்டர்மார் 3/12 என்று எழுதினால் அது திகதி இல்லை, மூன்று மாதம் என்று அர்த்தமாம். மூன்றாம் மாதம் காதுச் சோதனைக்குக் கொண்டு வரவேண்டும் என்றுதான் அந்த வரியில் இருந்தது. மூன்றாம் மாதம் என்றால் 2021 ஓகஸ்ட். அந்த ஓகஸ்ட் 20ஆம் திகதி நாட்டையே பூட்டினார்கள், ஒக்டோபர் முதலாம் திகதிதான் திறந்தார்கள், சரியாக வாசித்திருந்தாலும் போயிருப்பேனோ தெரியாது. ஆனால் திறந்த பிறகாவது போயிருப்பேன். இதை வாசிக்கிற யாருடைய பிள்ளையாவது பேபி ரூமில் நாலைந்து நாளுக்கு மேல் இருந்திருந்தால், மஞ்சள் காமாலை கடுமையாக இருந்திருந்தால், கிருமிக்கு ஊசி மருந்து போட்டிருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே காது கேளாமல் இருந்தால், அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போய் விளங்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்து வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காதுச் சோதனை செய்தாகிவிட்டதா என்று வாய் திறந்து கேளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காது பாதிக்கப்பட வாய்ப்புக் கூட. சில கிருமிக்கொல்லி மருந்துகள் உயிரைக் காப்பாற்றும், அதேநேரம் உட்காதையும் தாக்கக்கூடும். என் பிள்ளைக்கு எதனால் வந்தது என்று யாரும் அறுதியாகச் சொல்லவில்லை. நானும் இப்போது அதை நோண்டுவதில்லை.

பிள்ளை ஒரு சத்தமும் போடாமல் இருந்திருந்தால் நான் அப்போதே பயந்திருப்பேன். அவனோ மூன்று நாலு மாதத்தில் ஆ ஊ என்று நல்லாகவே சத்தம் போட்டான். காது கேளாத பிள்ளைகளும் அந்த வயதில் அப்படித்தான் சத்தம் போடுவார்களாம், அது தானாக வருவது. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. கேட்கிற பிள்ளை ஏழு எட்டு மாதமளவில், பிந்தினாலும் பத்து மாதத்துக்குள், பபப, மமம, தத என்று மெய்யெழுத்தும் உயிரும் சேர்த்து அடுக்கத் தொடங்கும். தன் சத்தத்தைத் தானே கேட்டு, மற்றவர்களின் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது வருமாம். என் மகனுக்கு அது வரவேயில்லை. ஒன்பது மாதத்தில் ஆ ஊ சத்தமும் குறைந்துகொண்டு போனது. பிள்ளை அமைதியான குணம், தகப்பனைப் போல என்றோம். என் கணவர் அந்த நேரம்தான், 2022 பெப்ரவரியில், கட்டார் போனார். தகப்பனைத் தேடி ஏங்கிப் போனான் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் சத்தம் கூடவேண்டும். குறைந்தால் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள், கொண்டு போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று எங்கள் வீட்டுக் கதை. என் அப்பாவுக்கு 2009 யுத்தத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்ததில் ஒரு காது போய்விட்டது, மற்றதும் அரைவாசிதான். வன்னியில் இது புதுமையில்லை, ஒவ்வொரு ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருப்பார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் கதைப்போம், பழகிவிட்டது. சோதனையில் மகனுக்கு வலது காதில் 65 டெசிபெல், இடது காதில் 70 டெசிபெல் சத்தத்துக்குத்தான் பதில் வந்தது. சாதாரணமாகப் பக்கத்தில் இருந்து கதைக்கிற சத்தம் 60 அளவில்தான் வரும். அப்படியென்றால் மற்ற வீட்டில் கதைப்பது அவனுக்கு ஒன்றும் கேட்டிராது, எங்கள் வீட்டில் கத்துவது மட்டும் ஏதோ மங்கலாகக் கேட்டிருக்கும். அதனால்தான் அவன் சிலவேளை திரும்புவான், சிலவேளை திரும்பமாட்டான். சிலவேளை திரும்பியதை மட்டும் நாங்கள் நினைவில் வைத்துக்கொண்டோம்.

ஊரில் செய்கிற சோதனையையும் செய்து பார்த்தோம். அம்மா பின்னால் நின்று எவர்சில்வர் தட்டத்தைக் கரண்டியால் தட்டினா, திரும்பினான். லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெஷின், ஒழுங்கையால் போனால் படலைக்கு ஓடுவான். கோயில் மேளத்துக்குத் துள்ளுவான். பிறகென்ன, காது பளிங்கு மாதிரி என்று முடிவாகிவிட்டது. தட்டமும் லாண்ட்மாஸ்டரும் கதைக்கிற சத்தத்தைவிட எவ்வளவோ பலம். அதோடு லாண்ட்மாஸ்டர் வந்தால் நிலமே அதிரும். பேச்சு என்பது அப்படியில்லை, அதிலும் ச, ஸ, த, ப போன்ற சத்தங்கள் மெல்லியவை. அந்த மிஸ் சொன்னார், நீங்கள் சோறு என்று சத்தமாகச் சொன்னாலும் அவருக்கு ஓ ஊ என்றுதான் போயிருக்கும், எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி இருந்தால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு கதைக்கப் பழகுவது என்று. பின்னால் நின்று பார்க்கிறதென்றால் நிழல் விழாமல், நிலத்தில் அதிர்வு இல்லாமல் நின்று, குரலைத் தாழ்த்தி, பிள்ளையின் பெயரை ஒரு தரமும் ஸ்ஸ் என்று ஒரு தரமும் சொல்லிப் பாருங்கள். அதற்குத் திரும்பினாலும் காது சரி என்று ஆகாது, ஒரு காது மட்டும் பழுதாக இருந்தால் அதில் தெரியாது. திரும்பாவிட்டால் கட்டாயம் மெஷினில் சோதிக்கவேண்டும் என்பதற்குத்தான் அது.

2022இன் நடுப்பகுதியை எல்லோருக்கும் தெரியும், பெற்றோல் இல்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசியத்துக்கு மட்டும் என்று பெற்றோலை நிறுத்தினார்கள், பிறகு கியூஆர் கோட் வந்தது. பதினொரு கிலோமீற்றரை ஓட்டோக்காரர் கேட்ட விலைக்குப் போனால் ஒரு சட்டை தைத்த காசு போதாது. கிளினிக்குக்கு நடந்தும் சைக்கிளிலும் போனேன். பதினெட்டாம் மாதம் கிளினிக்கில், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாரா, எத்தனை சொல் சொல்கிறார் என்று கேட்டார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. திரும்புவார் என்றேன். எட்டுப் பத்துச் சொல் சொல்வார் என்றேன். ஒரு சொல்லும் இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் தெரிந்த ஆட்கள் நின்றார்கள், எனக்கு முன்னால் போன பிள்ளை அம்மா, மாமா, பஸ் என்று அடுக்கிவிட்டுப் போயிருந்தது. அதைவிட, இல்லை என்று சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயம். அந்தக் கொப்பியில் வயதுக்கு வயது பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று போட்டிருக்கிறது, நான் அதுவரை நிறைக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்த்தேன். மற்றப் பக்கங்களையும் பாருங்கள். ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவேண்டும், ஒன்றிரண்டு சொல் வரவேண்டும், இரண்டு வயதில் அம்மா வா, பால் தா என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவேண்டும். ஆம்பிளைப் பிள்ளைக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் அது மாதக்கணக்கு, வருடக்கணக்கு இல்லை. மாமி தன் மகன் மூன்று வயதில்தான் கதைத்தவர் என்று சத்தியம் செய்தா. நான் அதைப் பிடித்துக்கொண்டு அரை வருடம் இருந்தேன்.

இனிக் காசு. கணக்கு எழுதுகிற கொப்பி என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். மூளை வளர்ச்சி சிரப்பும் தகர டின்னில் வருகிற மாவும் எல்லாமாக 17,200 ரூபா. முகநூலில் பார்த்துக் கட்டிய மூளை வளர்ச்சிப் பயிற்சி, படம் போட்ட அட்டைகளும் வட்ஸ்அப் வகுப்பும், 12,500. அதற்கென்று வாங்கிய டப் (டப்லெட்) 38,000. பேச்சுப் பயிற்சி என்று ஒருவர் வீட்டில் நடத்திய வகுப்பு, ஒரு நாளைக்கு 1,500 படி பதினொரு நாள், 16,500. கூட்டினால் 84,200. நேர்த்திக்கடன்கள் இதில் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனதைச் செலவாக நான் நினைக்கவில்லை, அங்கேயாவது ஒருதரம் வாய்விட்டு அழுதேன். வசம்பு சுட்டு நாக்கில் தேய்த்ததும் நடந்தது, பிள்ளை வாந்தி எடுத்ததோடு நிறுத்தினேன்.

அந்த முகநூல் ஆட்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்லவேண்டும். மூன்று வயதுக்குள் மூளை 80 வீதம் வளர்ந்துவிடும், உங்கள் பிள்ளையின் நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று போட்டிருந்தார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியே இருந்து அதை வாசித்தால் யாரும் காசு கட்டுவார்கள். அந்த எண் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பிறக்கும்போது மூளை பெரியவர்களின் மூளையில் கால்வாசி, மூன்று வயதில் ஏறத்தாழ 80 வீதம், ஐந்து வயதில் 90 வீதம் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். முதல் வருடங்களில் மூளைக்குள் ஒவ்வொரு செக்கனும் பத்து லட்சத்துக்கு மேல் புதிய இணைப்புகள் உண்டாகின்றன என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பிள்ளை வளர்ச்சி மையம் சொல்கிறது. ஆனால் அந்த இணைப்பு சிரப்பால் வருவதில்லை. பிள்ளை ஒரு சத்தம் போட நாங்கள் பதில் சத்தம் போட, அது கை நீட்ட நாங்கள் அந்தப் பொருளின் பெயரைச் சொல்ல, இப்படிக் கொடுத்து வாங்குவதில்தான் வருகிறது. சரியான சாப்பாடு வேண்டும்தான், அதிலும் இரும்புச்சத்துக் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முட்டை, மீன், ஈரல், பயறு, கீரை இருக்கிறது, போதாவிட்டால் கிளினிக்கில் மருந்து தருவார்கள். 17,200 ரூபாவுக்கு முட்டை வாங்கியிருந்தால் வீடே சாப்பிட்டிருக்கும்.

டப் வேறு கதை. நான் தைக்கும்போது அவன் அமைதியாக இருந்தான், அதுதான் உண்மையான காரணம், படிப்பிப்பதற்கு என்றது எனக்கு நானே சொன்ன சாட்டு. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் பார்த்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்று. டப் என் பிள்ளையின் காதைப் பழுதாக்கவில்லை, ஃபோனைக் குடுத்துப் பிள்ளையைக் கெடுத்துப்போட்டாள் என்று மாமி சொன்னது அந்த அளவில் பிழை. ஆனால் அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைக்கு என் முகத்தையும் வாயையும் பார்த்துப் பழகவேண்டிய மூன்று மணித்தியாலத்தை நான் எடுத்துவிட்டேன், அந்த அளவில் மாமி சொன்னதில் நியாயம் இருந்தது. அவவிடம் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பேச்சுப் பயிற்சி நடத்தியவர் பதினொராவது நாள், இது ஓட்டிசம் மாதிரி இருக்கு என்றார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். ஓட்டிசம் என்றால் உலகம் முடிந்துவிட்டது என்று நினைத்த அறியாமையும் அந்த அழுகையில் இருந்தது, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மன்னிக்கவேண்டும். ஆனால் அவர் பதினொரு நாளும் காதைச் சோதித்தீர்களா என்று கேட்கவேயில்லை. படித்துப் பட்டம் பெற்ற பேச்சுச் சிகிச்சையாளர்கள் முதலில் கேட்பது காது அறிக்கையைத்தான், பிறகு நான் போன இடங்களில் அதைத்தான் கேட்டார்கள். ஓட்டிசம் என்று சந்தேகப்பட்டாலும் முதலில் காதைப் பார்த்துத்தான் மற்றதற்குப் போவார்கள். அறிக்கை கேட்காமல் காசு வாங்குகிறவரிடம் இருக்காதீர்கள், எழும்பி வாருங்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த குடும்பநல உத்தியோகத்தர், என்னைவிட வயது குறைந்த பிள்ளை. 2023 மே, மகனுக்கு இரண்டு வயது. வீட்டுக்கு வந்தவ தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தா, மகன் நிலத்தில் பொத்தான்களைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தான். கதைத்துக்கொண்டே எழும்பிப் போய் அவனுக்குப் பின்னால் நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பெயரைச் சொன்னா. பிறகு ஒரு கடதாசியை மெல்லக் கசக்கினா. அவன் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டே இருந்தான். "அக்கா, காதைக் காட்டினனீங்களோ?" என்றா. அரை நிமிடம் எடுத்திருக்கும். பிறகு அவவே அலுவலகத்தில் கதைத்து, காதுச் சோதனைக்குப் போகத் துண்டு எடுத்துத் தந்தா.

சோதனை இரண்டு வகை. முதலாவது சுலபம், மெல்லிய ஒரு ரப்பர் முனையைக் காதுக்குள் வைத்து ஒரு சத்தத்தை அனுப்பி, உட்காது அதற்குத் திருப்பிப் போடுகிற எதிரொலியைப் பிடிக்கிறார்கள். பிறந்த அடுத்த நாளே செய்யக்கூடியது, சில நிமிடத்தில் முடியும், நோகாது. அதில் இரண்டு காதும் தேறவில்லை. இரண்டாவது, பேரா என்று சொல்கிறார்கள், தலையில் வயர்களை ஒட்டிவிட்டு, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பின் பதிலை எடுப்பது. அதற்குப் பிள்ளை நித்திரை கொள்ளவேண்டும். இதில்தான் ஒரு நாளையும் ஐந்து கிழமையையும் தொலைத்தேன். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு முதல் பஸ்ஸில் போனேன். பிள்ளை பஸ்ஸில் இரண்டு மணித்தியாலமும் நல்ல நித்திரை. அங்கே போனதும் கண்ணை முழித்துக்கொண்டு துள்ளுகிறான், தாலாட்டினேன், பால் கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த திகதி ஐந்து கிழமை கழித்து. இரண்டாம் தரம் முதல் நாள் இரவு பதினொரு மணி வரை விழிக்க வைத்து, விடிய மூன்றரைக்கு எழுப்பி, ஆளுக்கு 600 ரூபா என்று பங்கு போட்டுப் போன வானில் ஜன்னலோரம் வைத்து வெளியே காட்டிக் காட்டி நித்திரை கொள்ள விடாமல் கொண்டு போனேன். வீட்டில் அவன் ஏணைக்குக் கட்டுகிற பழைய சீலையையும் கொண்டு போனேன், அதைச் சுற்றிப் படுக்க வைத்ததும் ஐந்து நிமிடத்தில் போய்விட்டான். இதை யாரும் முதலில் சொல்லவில்லை. தடிமன் இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள், நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு மாறும். சில பிள்ளைகளுக்கு அந்த நீர் மட்டும்தான் பிரச்சினையாக இருக்குமாம், மருத்துவத்தில் சரிவந்துவிடும். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அன்றைக்குத்தான் அந்த மிஸ் வீடியோவைப் பார்த்தது. நான் கேட்டேன், காதில் மாட்டுகிற மெஷின் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று. அவர் என் கையில் இருந்த கார்டைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, வயல் இருக்கா என்றார். இருக்கு, இரணைமடு வாய்க்காலில் கடைசிப் பக்கம் என்றேன். இரண்டு போகம் தண்ணி விடாத வாய்க்கால் எப்படி இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாதா, புல் மூடி, மண் இறங்கி, பக்கத்து வயல்காரன் வரம்பைத் தள்ளிப் போட்டிருப்பான். மூளையிலும் அதுதான் நடக்கிறதாம். முதல் வருடங்களில் இணைப்புகளைத் தேவைக்கு மேல் போட்டுவிட்டு, பயன்படுவதை வைத்துக்கொண்டு பயன்படாததைக் கழித்துவிடும். கேட்பதற்கென்று இருக்கிற பகுதிக்குச் சத்தம் வராவிட்டால் கண்ணுக்கான வேலை அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கும். மூன்று, மூன்றரை வயதுக்குள் சத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்தப் பகுதி நல்லாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு போகப் போகக் கஷ்டம். அதனால்தான் ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் என்ன என்று உறுதிப்படுத்துவது, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும் என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் போனது இருபத்தாறாம் மாதம். "பிந்தித்தான் வந்திருக்கிறீங்கள், ஆனால் வந்திட்டீங்கள்" என்றார். அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு சோதனைக்கும் அரச ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்கவில்லை. 84,200 ரூபா கொடுத்தவற்றையெல்லாம் முடித்துவிட்டு, காசு கேட்காததைக் கடைசியாகச் செய்தேன்.

காதில் மாட்டுகிற மெஷின் இரண்டும் 340,000 ரூபா. தாலிக்கொடியை அடகு வைத்தேன், என் கணவர் முற்பணம் வாங்கி அனுப்பினார். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி ஏதும் இருக்கிறதா என்று நான் காசு கட்டிய பிறகுதான் கேட்டேன், நீங்கள் முதலே கேளுங்கள். வாங்கும்போது மெஷின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். காதுக்குள் இருக்கிற அச்சு, மோல்ட் என்கிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் காது வளர வளர சில மாதத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியால் சத்தம் வெளியே வந்து கீச்சென்று விசில் அடிக்கும். பற்றரி எங்களுக்கு ஒன்று பத்து நாள் வருகிறது. அதன் ஒட்டை உரித்தவுடன் போடாமல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப்பட வைத்துப் போட்டால் நல்லது. பிள்ளை திறக்க முடியாத பூட்டுள்ள மூடி கேட்டு வாங்குங்கள், பட்டன் பற்றரியை விழுங்கினால் மிக ஆபத்து. எங்கள் வெயிலுக்கும் வேர்வைக்கும் மெஷினுக்குள் ஈரம் போய்விடும், இரவில் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கிறேன். சட்டையில் கொழுவுகிற நூல் இல்லாமல் வெளியே விடாதீர்கள். ஒரு நாள் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டான், அப்பாவும் நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கத் தேவையில்லாமல் கரைப் புல்லில் தொங்கிக்கொண்டு இருந்தது, அன்றே நூல் தைத்துவிட்டேன்.

முதன்முதல் மாட்டும்போது பிள்ளை சிரிக்கிற வீடியோக்கள் ஃபோனில் நிறைய வரும். என் மகன் அழுதான். தாச்சியில் கடுகு வெடித்ததற்கு அழுதான், காகம் கத்தியதற்கு அழுதான், தன் அழுகைச் சத்தத்தைக் கேட்டு இன்னும் அழுதான். முதல் கிழமை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்தான் வைக்க முடிந்தது. ஆறு கிழமையில் விழித்திருக்கிற நேரம் முழுக்க என்று வந்தது. அன்றிலிருந்துதான் அவனுடைய காதுக்கு வயது எண்ணவேண்டும், மூன்று மாதம் கழித்தும் கதைக்கவில்லை என்று அழாதீர்கள், அது மூன்று மாதக் காது என்று மிஸ் சொல்லியிருந்தார். டப்பை விற்றேன், 21,000தான் கிடைத்தது. குசினியில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பார் வெங்காயம் உரிக்கிறேன், தோல் வருது, கண் எரியுது என்று ஓயாமல் கதைத்தேன். யாருக்காவது கேட்டால் விசர் என்று நினைப்பார்கள். அவன் பார்க்கிற பொருளைப் பார்த்து அதைப் பற்றிக் கதைப்பது, பிறகு ஐந்து செக்கன் பேசாமல் இருந்து அவன் முறைக்கு விடுவது, இந்த இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கை சைகையை நிறுத்தச் சொல்லி மாமி சொன்னா, அப்படிப் பழகினால் வாய் திறக்கமாட்டானாம். நான் நிறுத்தவில்லை, மிஸ்ஸும் நிறுத்தவேண்டாம் என்றார், சைகையும் மொழிதான், மொழி எந்த வழியால் போனாலும் மூளைக்கு அது சாப்பாடு. முதல் சொல் ஐந்தாம் மாதம் வந்தது. மத்தியானம் காகத்துக்குச் சோறு வைக்கும்போது வேலியைக் காட்டி, கா என்றான். நான் அதைச் சொல் என்று எண்ணலாமா என்று வட்ஸ்அப்பில் மிஸ்ஸிடம் கேட்டேன். எண்ணுங்கோ என்று பதில் வந்தது.

இப்போது நாலு வயது தாண்டி முன்பள்ளிக்குப் போகிறான். முழு வசனம் கதைக்கிறான், ச வருகிற இடத்தில் இன்னும் சறுக்கும், ஆட்கள் கூடின இடத்தில் விளங்காமல் முழிப்பான். ரீச்சரிடம் முன் வரிசையில், யன்னலுக்கு முதுகு காட்டி இருக்க விடச் சொல்லியிருக்கிறேன், வெளிச்சம் ரீச்சரின் முகத்தில் விழுந்தால்தான் வாயைப் பார்க்கலாம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இப்போதும் வருகிறான், ஆனால் கன்னத்தை வைப்பதில்லை, சத்தம் கூட, நிறுத்தம்மா என்கிறான்.

போன கிழமை மோல்ட் மாற்றப் போகும்போது அப்பாவும் துணைக்கு வந்தார். பேரனின் காதில் பசை மாதிரி ஊற்றி அச்சு எடுப்பதைப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், முடிந்து வெளிக்கிடுகிற நேரம் மிஸ்ஸிடம், "பிள்ளை, இதுக்கு வயசு எல்லை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். வழக்கம்போலக் கத்தித்தான் கேட்டார், வெளியே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் 14ஆம் திகதி அவருக்கும் துண்டு போட்டுத் தந்திருக்கிறார்கள்.